நிக்கோ மெக்ப்ரெய்னின் 42 வருஷம்: மெட்டல் ட்ரம்மருக்கு எது சோறு போடும்?

வைகைக்கரை எழுதியது:

இங்கிலாந்தின் ஹெவி மெட்டல் குழுவான அயர்ன் மெய்டனின் ட்ரம்மர் நிக்கோ மெக்ப்ரெய்ன் 2024 டிசம்பர் 7 அன்று பிரேசிலின் சாவ் பாவ்லோ மேடையோடு சுற்றுப்பயணங்களை முடித்துக்கொண்டார். குழுவில் சேர்ந்தது 1982 டிசம்பரில். 1983 முதல் 2021 வரை வந்த அத்தனை ஸ்டுடியோ ஆல்பத்திலும் அவர் கைதான். ட்ரம்மர்கள் மாறிக்கொண்டே இருக்கும் மெட்டல் உலகத்தில் 42 வருஷம் ஒரே ஆள் ஒரே இருக்கையில் உட்கார்ந்திருந்ததைப் பற்றித் தமிழில் யாரும் விரிவாகப் பேசிப் பார்க்கவில்லை. அதனால் தொடங்குகிறேன்.

மதுரையில் ட்ரம்ஸ் சொல்லிக்கொடுப்பது என் தொழில். வருகிற பையன்களில் பாதிப் பேர் முதல் வாரத்திலேயே டபுள் பெடல் (காலால் அடிக்கும் பெரிய பேஸ் ட்ரம்மை இரண்டு காலாலும் வாசிக்க உதவும் ஜோடிப் பெடல்) எப்போது என்று கேட்கிறார்கள். கூட வரும் அப்பா அம்மா கேட்பது வேறு: "இதுல வாழ முடியுமா சார்?" இரண்டு கேள்விக்கும் சேர்த்து நான் காட்டுகிற ஆள் நிக்கோ.

முதலில் பெற்றவர்களுக்கு. அவர் பிறந்தது 1952. மெய்டனில் சேரும்போது வயது 30. அதற்கு முன்னால் ஸ்ட்ரீட்வாக்கர்ஸ், பேட் டிராவர்ஸ், பிரான்ஸ் நாட்டு டிரஸ்ட் என்று கூப்பிட்ட இடத்தில் வாசித்த கை அது. டிரஸ்ட் 1981இல் மெய்டன் கச்சேரிகளில் முதலில் வாசிக்கும் குழுவாக ஊர் ஊராகப் போனபோதுதான் இவர் வாசிப்பை அவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தார்கள். அடுத்த வருஷம் மெய்டனின் அப்போதைய ட்ரம்மர் கிளைவ் பர் விலகியதும் அழைப்பு வந்தது. பத்து வருஷத்துக்கும் மேல் அடுத்தவர் பாட்டுக்கு ஒழுங்காக வாசித்ததுதான் அவருடைய விண்ணப்பம். இருபது வயதில் பெயர் வரவில்லை என்று ஸ்டிக்கைக் கீழே போடுகிற நம் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது பையன்களுக்கு. 1983 ஆல்பத்தின் முதல் பாட்டு 'வேர் ஈகிள்ஸ் டேர்', அவருடைய ட்ரம்ஸ் உருட்டலோடு திறக்கிறது. புது ட்ரம்மரை ரசிகர்கள் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்த நேரம். குழு அவரை முன்னால் நிறுத்தியது. பாட்டு முழுக்க பேஸ் ட்ரம்மில் வேகமான மும்மை அடிகள் வந்து விழும். கேட்டால் இரண்டு கால் வேலை செய்வதாகத் தோன்றும். ஒரு வலது கால், ஒரு பெடல், அதுவும் செருப்பில்லாமல்.

2023 ஜனவரியில் அவருக்குப் பக்கவாதம். வலப்பக்கம் தோளிலிருந்து கீழே செயலிழந்தது. அதே வருஷம் மே மாதம் மேடை ஏறினார். வேகமான உருட்டல்கள் பழையபடி வரவில்லை, எளிமைப்படுத்தித்தான் வாசித்தார். எழுபதைத் தொட்ட வயதில் கை கேட்காதபோதும் தாளம் நின்ற இடத்தில் நின்றது. இதையெல்லாம் பார்க்கும்போது, ஒரு மெட்டல் ட்ரம்மரின் பிழைப்பு வேகத்தில் நிற்பதில்லை, எதை வீணாக்காமல் வைத்திருக்கிறார் என்பதில்தான் நிற்கிறது என்று எனக்குப் படுகிறது. மற்றவர்கள் சொல்லுங்கள்.

இரட்டைப்பெடல் எழுதியது:

சார், நிக்கோ மேல மரியாதை உண்டு. ஆனா நீங்க சொல்றது ஹெவி மெட்டலுக்குப் பொருந்தும், அதைவிட வேகமான த்ராஷ் மெட்டலுக்கும் டெத் மெட்டலுக்கும் பொருந்தாது. அமெரிக்க த்ராஷ் குழு ஸ்லேயரோட ட்ரம்மர் டேவ் லொம்பார்டோவை விட்டுட்டு இந்தப் பேச்சே பேச முடியாது. ஹவானாவில் பிறந்து கலிஃபோர்னியாவில் வளர்ந்தவர். ஸ்லேயரோட 1986 ஆல்பம் பத்துப் பாட்டு, மொத்தமே 29 நிமிஷம் சுமாருக்கு. அதுல அவர் கால் போட்ட பாதையிலதான் இன்னிக்கு எக்ஸ்ட்ரீம் மெட்டல் முழுக்க நடக்குது. ஒத்தைப் பெடல்ல அதை வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க.

டபுள் பேஸ் மெட்டல்காரங்க கண்டுபிடிச்சதும் இல்ல. 1940கள்ல ஜாஸ்ல லூயி பெல்சன் ரெண்டு பேஸ் ட்ரம் வச்சார். அறுபதுகள்ல ஜிஞ்சர் பேக்கர், கீத் மூன். 1979ல மோட்டர்ஹெட்டோட ஃபில் டெய்லர் ஒரு பாட்டு முழுக்க ரெண்டு காலையும் நிறுத்தாம ஓட்டினார். அதைக் கேட்டுத்தான் த்ராஷ் பசங்க கிளம்பினாங்க. நிக்கோவே 2003ல 'ஃபேஸ் இன் த சாண்ட்' பாட்டுக்கு டபுள் பெடல் எடுத்தார். பாட்டு கேட்டா கால் கொடுக்கணும், அவ்வளவுதான்.

நான் திருநகர். இன்ஜினியரிங் மூணாவது வருஷம். வீட்டுல மொட்டை மாடி ரூம்ல தினமும் வாசிக்கிறேன். வேகம் வேணாம்னு சொல்றவங்க எல்லாம் வேகம் வராதவங்கன்னு சொல்ல மாட்டேன். ஆனா வேகம் ஒரு மொழி சார். அது தெரியாம அந்த இசைக்குள்ள போக முடியாது.

வைகைக்கரை எழுதியது:

தம்பி, நன்றாகச் சொன்னாய். வேகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேகம் எங்கிருந்து பிறக்கிறது என்பதில்தான் என் பேச்சு.

மெய்டனின் பல பாட்டுகளில் ஸ்டீவ் ஹாரிஸின் பேஸ் கிடார் குதிரை ஓட்டமாகப் போகும்: ஒரு நீள அடி, இரண்டு குட்டை அடி. அந்தக் குட்டை அடிகளைப் பிடிக்கத் தொடையைத் தூக்கி மிதித்தால் இரண்டாவது பாட்டிலேயே முட்டி கழன்றுவிடும். பாதத்தின் முன்பகுதி மட்டும் பலகையில் இருக்க, முதல் அடி கணுக்காலிலிருந்து வர வேண்டும். இரண்டாவது அடி, தோலில் பட்டுத் திரும்பும் பீட்டரின் (பெடலின் நுனியில் அடிக்கும் சுத்தியின்) உந்தலைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். டபுள் பெடலிலும் இதே கணக்குத்தான். நிமிஷத்துக்கு 180, 200 என்று ஏறும்போது முழுக்கால் அசைவு ஒத்துவராது, கணுக்கால்தான் எடுத்துக்கொள்ளும். ஒரு காலில் அதைப் பழகாதவன் இரண்டு பெடல் வாங்கினால் இடது காலுக்கும் அதே கெட்ட பழக்கத்தைக் கற்றுக்கொடுக்கிறான்.

இன்னொன்று. இந்த இசையின் மூலமான பிளாக் சாபத் குழுவில் ட்ரம்மர் பில் வார்ட் கேட்டு வளர்ந்தது ஜீன் க்ரூபா, பட்டி ரிச் போன்ற ஜாஸ் கைகள். 1970இல் வந்த முதல் ஆல்பத்தைக் கேட்டுப் பார். கிடார் இடி மாதிரி இறங்கும்போது ட்ரம்ஸ் ஊஞ்சலாடும். அந்த ஆட்டம் போனதும் மெட்டல் வெறும் சத்தமாகிவிடுகிறது. உன் தலைமுறை வாசிப்பில் எனக்குக் குறையாகப் படுவது இதுதான். ட்ரிகர் (அடியை உணர்ந்து பதிவுசெய்த ஓசையை எழுப்பும் மின்னணுக் கருவி) மாட்டி, எவ்வளவு மெதுவாக மிதித்தாலும் ஒரே ஓசை வரும்படி வைத்துக்கொண்டால், காலுக்கு அழுத்தம், நெகிழ்வு என்ற வித்தியாசமே மறந்துபோகிறது. மெட்டல் ட்ரம்மர் ஜீன் ஹோக்லனை 'அணுக் கடிகாரம்' என்று கூப்பிடுகிறார்கள். நேரம் பிசகாத கால் என்பதுதான் அந்தப் பெயருக்குக் காரணம், வேகம் மட்டும் என்றால் அந்தப் பெயர் வந்திருக்காது.

பேடுகாரன் எழுதியது:

நான் மெட்டல் கேக்குற ஆள் இல்ல. என் மகன் இந்த இழையக் காட்டினான். வாடிப்பட்டிப் பக்கம் மெல்லிசைக் குழுவுல ட்ரம்ஸ், இப்ப ரிதம் பேடு. பங்குனிப் பொங்கல்ல ஆரம்பிச்சு ஆடி முடியுற வரைக்கும் கோயில் திருவிழா, மத்த மாசம் கல்யாணம், காதுகுத்து, சர்ச் விழா. இதுலதான் ரெண்டு பிள்ளைகளப் படிக்க வச்சேன்.

முன்னாடியெல்லாம் ராத்திரி மேடை ஏறுனா விடிஞ்சுதான் எறங்குவோம். இப்ப பத்து மணிக்கு மேல ஒலிபெருக்கி கூடாதுன்னு சட்டம் இருக்கு, பல ஊர்ல போலீஸ் வந்து நிக்கும். ஆனா அந்த விடியவிடிய வாசிச்ச காலந்தான் எங்களுக்குப் பள்ளிக்கூடம். மொத பாட்டு சாமி பாட்டு, நடுவுல எம்.ஜி.ஆர்., சிவாஜி, அப்புறம் இளையராஜா, ஊரே எந்திரிச்சு ஆடுற குத்துப்பாட்டு கடைசில. கூட்டம் ஆடணும்னா கடைசிலதான் கைல வலு வேணும். மொத மணி நேரத்துலயே வித்தை காட்டுன பயலுக ரெண்டு மணிக்கு மேல சிம்பலப் புடிச்சுக்கிட்டுத் தூங்குவாய்ங்க. கோடையில கிணத்துத் தண்ணி மாதிரி, ஊற விட்டு ஊற விட்டு இறைக்கணும்.

எங்க ஊர் மேளக்காரவுகளப் பாருங்க. பறையில வலது கைல குட்டையான அடிக்குச்சி, இடது கைல நீளமான மெல்லிய சிண்டுக்குச்சி. ரெண்டு குச்சிக்கும் எடை வேற, வேலை வேற. அடிக்குச்சி தாளத்த நிறுத்தும், சிண்டுக்குச்சி நடுவுல இருக்குற சந்தெல்லாம் நெரப்பும். ஊர்வலத்துல நடந்துக்கிட்டே, ஆடிக்கிட்டே, மணிக்கணக்கா வாசிப்பாய்ங்க. யாரும் தோள்லருந்து அடிக்க மாட்டாய்ங்க, எல்லாம் மணிக்கட்டுதான். தவில்லயும் அப்படித்தான், ஒரு பக்கம் கழி, மறு பக்கம் விரல்ல கூடு. பெரிய வித்வான் தனி வாசிக்கும்போது முகத்தப் பாத்தா சும்மா உக்காந்திருக்க மாதிரி இருக்கும்.

அந்த வெள்ளக்காரரு வீடியோவையும் மகன் போட்டுக் காட்டினான். சுத்தி அத்தனை ட்ரம்மு, ஆளே தெரியல, ஆனா மணிக்கட்டப் பாத்ததும் புரிஞ்சு போச்சு. ஊருக்கூரு மேடை ஏறுன கை அது.

திருப்பரங்குன்றம்_ஸ்னேர் எழுதியது:

பேடுகாரன் அண்ணே, இப்படி எழுதினதுக்கு ரொம்ப நன்றி. நான் சர்ச் இல்லாத, ஆர்கெஸ்ட்ரா இல்லாத வீட்டிலிருந்து வந்த ட்ரம்மர். பெண். பகலில் இலந்தைக்குளம் ஐ.டி. பார்க்கில் வேலை. எங்கள் பேண்ட் பெங்களூரில் இருக்கிறது. 2024இல் மதுரை–பெங்களூர் வந்தே பாரத் வந்த பிறகுதான் வேலையையும் பேண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள முடிகிறது.

தமிழ்நாட்டில் மெட்டல் வாசிக்கிறவர்களுக்குத் திசை என்றால் பெங்களூர்தான். 2007 மார்ச்சில் பேலஸ் கிரவுண்ட்ஸில் மெய்டன் வாசித்தது, 2011 அக்டோபரில் மெட்டாலிகா, 2012இல் ஸ்லேயர். 1998இல் தொடங்கிய கிரிப்டோஸ் அந்த ஊர்க் குழுதான், 2013இல் ஜெர்மனியின் வாக்கன் மெட்டல் விழா வரை போனார்கள். அவர்களுமே இத்தனை வருஷம் ஆல்பம் ஆல்பமாக, ஊர் ஊராக நகர்ந்து சேர்த்த பெயர் அது.

உடம்பைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டீர்கள். நான் காகிதத்தைப் பற்றிப் பேச வேண்டும். வைகைக்கரை சார், நிக்கோவின் 42 வருஷத்தில் ஸ்டுடியோ ஆல்பங்களில் பாட்டு எழுதியவர் பட்டியலில் அவர் பெயர் வந்தது ஒரே முறை, 2003 ஆல்பத்தில் 'நியூ ஃபிரண்டியர்'. பாட்டு எழுதியதற்கான ராயல்ட்டி போவது அதை உருவாக்கியவர்களுக்கு. ட்ரம்மருக்கு வருமானம் பெரும்பாலும் மேடையிலிருந்துதான். மேடை நின்றால் ஓட்டமும் நிற்கும். நிக்கோவுக்கு நல்ல குழு வாய்த்தது. மற்றவர்களைப் பாருங்கள்.

தம்பி கொண்டாடுகிற லொம்பார்டோ 1986 கடைசியிலேயே பணம் கட்டுப்படியாகவில்லை என்று சுற்றுப்பயணத்தின் நடுவில் விலகினார். திரும்பி வந்தார், 1992இல் போனார், 2001இல் மறுபடி வந்தார். 2013இல் வரவுசெலவுக் கணக்குக் கேட்டதில் தகராறு, வெளியே. அந்த இசையின் வேகத்தை எழுதிய கால்கள் அவை. பில் வார்ட் 2012இல் ஒப்பந்தம் கையெழுத்துப் போடும்படி இல்லை என்று சொல்லி ஒதுங்கினார். 2013 சாபத் ஆல்பத்தில் பிராட் வில்க் வாசித்தார். தன் சொந்தக் குழுவான சாபத்தோடு வார்ட் மறுபடி மேடை ஏறியது 2025 ஜூலை 5, பர்மிங்ஹாம் வில்லா பார்க்கில். அந்த ஒரு மாலை நாலு பேரும் சேர்ந்திருந்தார்கள். அதே மாதம் 22ஆம் தேதி அந்தக் குழுவின் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் இறந்துவிட்டார். இடையில் போன வருஷங்களை யார் திருப்பித் தருவது?

அதனால் பேண்ட் தொடங்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான் சொல்வது: பாட்டின் அமைப்பில் உன் கை இருந்தால், உருவாக்கியவர் பட்டியலில் உன் பெயரைப் போடச் சொல். ரிஃப் (பாட்டில் திரும்பத் திரும்ப வரும் கிடார் துணுக்கு) கிடாரிஸ்ட்டுடையது என்றாலும் அது எங்கே பாதி வேகத்துக்கு இறங்குகிறது, எங்கே நிற்கிறது என்று முடிவு செய்வது பல நேரம் ட்ரம்மர்தான். பங்கு எவ்வளவு என்பதை ரெக்கார்டிங்குக்கு முன்னால் எழுதிக் கையெழுத்து வாங்கு. நம் நாட்டில் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பு இசையமைத்தவர், பாடல் எழுதியவர், பதிப்பாளர் ஆகியோருக்குத்தான் பணம் பிரித்துத் தருகிறது. பட்டியலில் பெயர் இல்லாத ட்ரம்மர் அங்கே இல்லவே இல்லை. சண்டை வரும் என்று பயந்து இதைத் தள்ளிப்போடுகிறார்கள். ஆல்பம் ஓடாத வரைக்கும் சண்டை வராது, ஓடிய பிறகு வரும் சண்டையில் பேண்டே உடையும்.

செவிநலம் எழுதியது:

நான் ஆடியாலஜிஸ்ட், செவித்திறனைச் சோதிப்பது என் வேலை. இத்தனை பேர் பேசியும் காதைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அமெரிக்காவில் வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் நியோஷ் நிறுவனம் வகுத்த அளவு இது: 85 டெசிபெல் ஓசையில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2 மணி. 100 டெசிபெல்லில் 15 நிமிஷம்தான். சின்ன அறையில் ஓங்கி வாசிக்கும் ட்ரம்ஸ் 100ஐச் சாதாரணமாகத் தாண்டும். திருநகர் தம்பி மொட்டை மாடி அறை என்று எழுதியிருக்கிறார், தகரக் கூரையோ வெறும் சிமெண்ட் சுவரோ என்றால் எதிரொலியும் சேரும்.

சேதமாவது உள்காதின் நுண்ணிய மயிர்செல்கள். மனிதருக்கு அவை திரும்ப வளர்வதில்லை. முதலில் போவது உயர்ந்த சுருதிகள். 'ஸ', 'ஃப' போன்ற ஒலிகள் மங்கும், கூட்டத்தில் பேச்சுப் புரியாது, பிறகு இரவில் விடாத காதிரைச்சல். மெட்டாலிகாவின் லார்ஸ் உல்ரிச் தனக்குக் காதிரைச்சல் இருப்பதை வெளிப்படையாகச் சொல்லி, இளைஞர்கள் காதைக் காக்க வேண்டும் என்று பேசியிருக்கிறார்.

பஞ்சு வைத்துக்கொள்வதால் பயன் மிகக் குறைவு. இசைக்கலைஞர்களுக்கென்று வரும் காதடைப்பான் எல்லாச் சுருதியையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும், சிம்பலும் கேட்கும், குரலும் கேட்கும். ஒரு ஜோடி ஸ்டிக் வாங்குவதற்கு முன்னால் அதை வாங்குங்கள். பயிற்சி முடிந்ததும் காதில் 'ஙொய்' என்று கேட்டால் அன்றைக்கு அளவு மீறிவிட்டது என்று பொருள். வருஷத்துக்கு ஒருமுறை ஆடியோகிராம் (கேட்கும் திறனின் வரைபடம்) எடுங்கள். இருபது வயதில் எடுத்த வரைபடம் கையில் இருந்தால்தான் முப்பதில் எவ்வளவு போனது என்று தெரியும்.

வைகைக்கரை எழுதியது:

செவிநலத்துக்கு நன்றி, என் வகுப்பறைச் சுவரில் இதை அச்செடுத்து ஒட்டப்போகிறேன்.

உடம்பு பற்றி இன்னும் கொஞ்சம். நிக்கோவுக்கு முன்னால் மெய்டனில் இருந்த கிளைவ் பர், விலகிய பிறகு நிக்கோ விட்டுவந்த அதே டிரஸ்ட் குழுவில் போய் வாசித்தார். பின்னாளில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் அவரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தது. மெய்டன் அவருக்காக நிதி திரட்டும் கச்சேரிகள் நடத்தியது. 2013இல், 56 வயதில் போய்விட்டார். ஸ்லிப்நாட் குழுவின் ட்ரம்மர் ஜோயி ஜோர்டிசனுக்குத் தண்டுவட அழற்சி வந்து காலே வேலை செய்யாமல் போனது. 2013இல் குழுவிலிருந்து பிரிந்தார், நோயின் பெயரை வெளியே சொன்னது 2016இல். இறக்கும்போது 46 வயதுதான். டபுள் பெடலில் ஒரு தலைமுறையையே இழுத்த கால் அது. எழுதும்போதே மனசு கனக்கிறது.

டெஃப் லெப்பர்ட் குழுவின் ட்ரம்மர் ரிக் ஆலன் இந்த வரிசையில் வேறு மாதிரி. 1984 டிசம்பர் 31 கார் விபத்தில் இடது கை போனது. வயது 21. இடது கையின் வேலையை இடது காலுக்கு மாற்றும்படி எலக்ட்ரானிக் பெடல்கள் செய்து, 1986 ஆகஸ்டில் டோனிங்டன் விழாவில் வாசித்தார். குழு அவருக்காகக் காத்திருந்தது. ஸ்னேர் சொன்ன காகிதமும் முக்கியம்தான், ஆனால் எந்தக் காகிதத்திலும் எழுதாத இந்தக் காத்திருப்பும் ஒரு ட்ரம்மரின் பிழைப்பைத் தீர்மானிக்கிறது. யாரோடு வாசிக்கிறோம் என்பதைப் பார்த்து வாசிக்க வேண்டும்.

இரட்டைப்பெடல் எழுதியது:

ஸ்னேர் அக்கா, லொம்பார்டோ விஷயம் எனக்கு மேலோட்டமா தெரியும், வருஷம் வருஷமா இப்படி வரிசைப்படுத்திப் பார்த்ததில்ல. எங்க பேண்ட்ல நாலு பாட்டு ரெடி, யார் பேரும் எங்கயும் எழுதல. இந்த வாரமே பேசுறேன்.

வேகம் பத்தி என் கருத்து மாறல. ஆனா கிளிக்கை (தாளம் எண்ணுற மெட்ரோனோம்) நிமிஷத்துக்கு 60ல வச்சு ஒத்தைக் கால்ல ரெண்டு ரெண்டா வாசிச்சுப் பார்த்தேன், வலது கால் நிக்குது, இடது கால் முன்னாடி ஓடுது. 200ல அது தெரியவே இல்ல. இதுக்கு என்ன செய்யணும் சார்?

இன்னொரு பிரச்சினை, கீழ் வீட்டுல சத்தம் போடுறாங்க. தோலுக்குப் பதிலா சத்தம் குறைக்கிற வலை, மெஷ் ஹெட், போட்டும் கேக்குதாம்.

வைகைக்கரை எழுதியது:

இடது காலில் மட்டும் ஹை-ஹாட்டை (காலால் மூடித் திறக்கும் சிம்பல் ஜோடி) ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் ஒருமுறை மிதித்துக்கொண்டு கையில் எளிய தாளம் வாசி, ஒரு மாதம் அதுவே போதும். 60இல் நிற்காமல் 61க்குப் போகாதே.

திருப்பரங்குன்றம்_ஸ்னேர் எழுதியது:

மெஷ் ஹெட் காற்றில் வரும் ஓசையைக் குறைக்கும். பெடல் தரையில் இடிப்பது தளம் வழியாக இறங்குகிறது. இரண்டு பிளைவுட் பலகைக்கு நடுவில் டென்னிஸ் பந்துகளைக் குழி போட்டு வரிசையாக வைத்து, அதன் மேல் கிட்டையும் உன் ஸ்டூலையும் வை. பலகை சுவரைத் தொடக்கூடாது. என் வீட்டில் கீழே இருப்பவர்கள் இப்போது சண்டைக்கு வருவதில்லை. மாலை ஆறு முதல் ஏழு வரை என்று அவர்களிடமே கேட்டு நேரத்தை முடிவு செய்துகொள்.

பேடுகாரன் எழுதியது:

தம்பி, ஆடி மாசம் எங்களுக்கு வரிசையா ப்ரோக்ராம் இருக்கு. பேடு நான் பாத்துக்கிறேன், கிட் வாசிக்க ஆள் வேணும். கிட் வாசிச்ச பய சென்னைக்குப் போயிட்டான். எழுபது பாட்டுக்கு மேல தெரிஞ்சிருக்கணும், நோட்டு கெடையாது, பாடுறவுக சுருதிய மாத்துனாலும் தாளத்த விடக்கூடாது. ஞாயித்துக்கெழமை மத்தியானம் வாடிப்பட்டியில ரிகர்சல். ஒன்னோட டபுள் பெடலையும் கொண்டு வா, கடைசிப் பாட்டுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் தனியா விடுறேன், ஊரே பாக்கட்டும்.

இரட்டைப்பெடல் எழுதியது:

கண்டிப்பா வர்றேன்ணே. பாட்டு லிஸ்ட் அனுப்புங்க.

திருப்பரங்குன்றம்_ஸ்னேர் எழுதியது:

தம்பி, பேட்டா எவ்வளவு, வண்டி யாருடையது, சாப்பாடு உண்டா, எல்லாம் இப்பவே கேட்டுக்கொள்.

பேடுகாரன் எழுதியது:

கேக்கட்டும்மா, கேக்க வேண்டியதுதான். லிஸ்ட்டோட சேத்து பேட்டாவையும் தனிச்செய்தியில எழுதி அனுப்புறேன். வண்டி நம்ம வேன், மாட்டுத்தாவணியில ஏத்திக்கிருவோம். சம்மதம்னு பதில் வந்த பொறகுதான் ரிகர்சல்.